பவளம் கட்டிய தீவுகள்

நுழையும் முன்

விடுமுறை என்றதும் மலையும் அருவியும் நினைவுக்கு வருவதுபோல, இன்று பலருக்குக் கடலும் கப்பலும் நினைவுக்கு வருகின்றன. கப்பலில் சென்று காணத்தக்க வெப்பமண்டலத் தீவுகள் இந்தியாவிலேயே, அரபிக்கடலில் உள்ளன. அவை எவ்வாறு உருவாயின, அங்குச் செல்ல ஏன் அனுமதி பெற வேண்டும், செல்வோர் எதைக் காணலாம், எதைத் தொடலாகாது என்பவற்றை இப்பாடம் விளக்குகிறது.

புணேயின் கருங்கல்

புணே நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 560 மீட்டர் உயரத்தில், தக்காணப் பீடபூமியின் மேற்குப் பகுதியில் அமைந்துள்ளது. அரபிக்கடல் இந்நகருக்கு மேற்கே ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. ஆயினும் முளா, முட்டா ஆறுகளின் நீர் அக்கடலைச் சேர்வதில்லை. இடையே மேற்குத் தொடர்ச்சி மலை நிற்பதால், அந்நீர் கிழக்கே ஓடிப் பீமா ஆற்றிலும் பின்னர்க் கிருஷ்ணா ஆற்றிலும் கலந்து வங்கக்கடலை அடைகிறது. இவ்வாறு ஆறுகளும் முதுகு காட்டிச் செல்லும் அரபிக்கடலில், கேரளக் கரையிலிருந்து 220 முதல் 440 கிலோமீட்டர் தொலைவிற்குள் இலட்சத்தீவுகள் சிதறிக் கிடக்கின்றன.

மலைமேல் உள்ள புணேக்கும் கடல்நடுவே உள்ள அத்தீவுகளுக்கும் என்ன தொடர்பு இருக்க இயலும்? நிலவியல் இதற்கு வியப்பான விடையைத் தருகிறது.

புணேயின் ஜங்லி மகாராஜ் சாலையில் பாதாளேசுவரர் குடைவரைக் கோயில் உள்ளது. அது ஒரே கரும்பாறையைக் குடைந்து உருவாக்கப்பட்டது. சிம்மகட் கோட்டை நிற்கும் குன்றும் அதே வகைப் பாறைதான். இது எரிமலைக் குழம்பு குளிர்ந்து இறுகிய பாறையாகும். ஏறத்தாழ 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னர், புவியின் ஆழத்திலிருந்து எழுந்த கொதிகுழம்பு பிளவுகளின் வழியே பொங்கி, அடுக்கடுக்காகப் பரவித் தக்காணப் பீடபூமியை உருவாக்கியது.

இந்திய நிலத்தட்டு அசையாமல் நிற்பதன்று. அது வடக்கு நோக்கி நகர்ந்துகொண்டே வந்துள்ளது. ஆனால் குழம்பு எழுந்த சூடான இடமோ பெரிதும் இடம்பெயரவில்லை. ஆகவே, நகரும் தட்டின்மீது அந்தச் சூடு ஒரு நெடிய வடுவை இட்டுச் சென்றது. அவ்வடுதான் இலட்சத்தீவிலிருந்து மாலத்தீவு வழியாகச் சாகோசுத் தீவுகள் வரை கடலடியில் நீளும் எரிமலை முகடு என அறிவியலாளர் விளக்குகின்றனர். அதே சூடான இடத்தின் மேல்தான் இன்று ரீயூனியன் தீவு உள்ளது. அங்கு இன்றும் எரிமலை குமுறுகிறது. புணேயின் கருங்கல்லும் இலட்சத்தீவின் அடித்தளமும் இவ்வாறு ஒரே நெருப்பின் பிள்ளைகள் ஆகின்றன.

நெருப்பின்மேல் எழுந்த வீடு

கடலடியில் உள்ள முகடு எரிமலைப் பாறை. ஆனால் இலட்சத்தீவின் கரையில் கால் வைப்பவர் ஒரு கருங்கல்லையும் காண இயலாது. எங்கும் வெண்மணலே பரந்திருக்கும். கருங்கல்லுக்கும் வெண்மணலுக்கும் இடையே நின்று தீவைக் கட்டிய உயிர் பவளம் ஆகும்.

பவளத்தைத் தமிழர் நவமணிகளுள் ஒன்றாகப் போற்றினர். மராத்தியர் அதனைப் 'போவளே' என்பர். இரு மொழிச் சொற்களின் ஒற்றுமையை எளிதில் உணரலாம். பவளம் மணியாகக் கோக்கப்பட்டாலும் அது கல்லன்று. பவள உயிரி என்பது மென்மையான உடலும், வாயைச் சுற்றிச் சிறு உணர்கொம்புகளும் உடைய மிகச் சிறிய விலங்கு. அது கடல்நீரில் கரைந்துள்ள சுண்ணத்தை எடுத்துத் தன்னைச் சுற்றி ஒரு கிண்ணம்போன்ற கூட்டினைக் கட்டுகிறது. ஓர் உயிரியின் அருகே மற்றொன்று, ஒன்றன்மேல் ஒன்று என இலட்சக்கணக்கான உயிரிகள் கூடு கட்டும்போது பவளப்பாறை உருவாகிறது. உருண்டையாக வளரும் பவளங்கள் பல, ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவே உயரும். ஒரு மாணவரின் உயரத்திற்கு அவை வளர நூறு ஆண்டுகளுக்கும் மேலாகலாம்.

பவளத்தின் வண்ணமும் உணவும் அதற்குள் வாழும் நுண்ணிய பாசிகளிடமிருந்து கிடைக்கின்றன. அப்பாசிகள் கதிரவன் ஒளியால் உணவு ஆக்கிப் பவளத்திற்கு அளிக்கின்றன. பவளமோ அவற்றுக்கு உறைவிடம் தருகிறது. ஒளி புகாத ஆழத்தில் இக்கூட்டுவாழ்வு இயலாது. எனவே பாறை கட்டும் பவளங்கள் வெதுவெதுப்பான, தெளிந்த, ஆழமற்ற நீரையே நாடுகின்றன.

வளைய வடிவத் தீவுகள் எவ்வாறு தோன்றின என்பதைச் சார்லசு டார்வின் 1842ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் விளக்கினார். அவரது விளக்கம் எளிமையானது. முதலில் கடல்நடுவே ஓர் எரிமலைத் தீவு நிற்கிறது. அதன் கரையோரம் பவளம் வளர்கிறது. காலப்போக்கில் எரிமலை மெல்ல மெல்லக் கடலுள் அமிழ்கிறது. ஒளியை நாடும் பவளமோ அமிழும் வேகத்திற்கு ஈடுகொடுத்து மேல்நோக்கி வளர்கிறது. இறுதியில் மலை மறைந்துவிடுகிறது. அதனைச் சுற்றியிருந்த பவள வளையம் மட்டும் எஞ்சுகிறது. வளையத்தின் நடுவே அமைதியான, ஆழமற்ற காயல் தேங்கி நிற்கிறது. அலைகள் உடைத்துக் குவித்த பவளத் துண்டுகளும் மணலும் வளையத்தின்மேல் சேர்ந்து தீவாகின்றன. இத்தகைய வளையத்தை ஆங்கிலத்தில் 'அடோல்' என்பர். அச்சொல் மாலத்தீவு மொழியிலிருந்து ஆங்கிலத்திற்குச் சென்றதாகும்.

மணல் உண்டாவதிலும் ஓர் உயிரின் பங்கு உண்டு. கிளியின் அலகு போன்ற பல்லுடைய கிளிமீன், பாறைமேல் படர்ந்த பாசியை உண்ணும்போது பவளத்தையும் சேர்த்துக் கொறிக்கிறது. செரிக்காத சுண்ணம் வெண்மணலாக வெளியேறுகிறது. தீவின் கடற்கரை மணலில் ஒரு பகுதி இவ்வாறு மீன்கள் அரைத்துத் தந்ததே.

கப்பலேறும் வழி

புணேயிலிருந்து இலட்சத்தீவு செல்ல விரும்புவோர்க்கு இரண்டு துறைமுகங்கள் வாயிலாக அமைகின்றன. ஒன்று மும்பை. இரயில், போர் கணவாயின் சுரங்கங்களைக் கடந்து கீழிறங்கிக் கடற்கரைச் சமவெளியை அடைகிறது. மும்பைத் துறைமுகத்திலிருந்து கோவா, இலட்சத்தீவு, கொச்சி ஆகிய இடங்களுக்கு விடுமுறைச் சொகுசுக் கப்பல் பயணங்களை ஓர் இந்திய நிறுவனம் 2021ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் தொடங்கியது.

மற்றொன்று கொச்சி. புணேயிலிருந்து எர்ணாகுளத்திற்கு நேரடியாக இரயில் உண்டு. கொச்சியிலிருந்துதான் இலட்சத்தீவு நிருவாகத்தின் பயணியர் கப்பல்கள் புறப்படுகின்றன. அவற்றுள் 'எம்.வி. கவரத்தி' என்னும் கப்பல் விசாகப்பட்டினத்தில் கட்டப்பட்டது. 700 பயணிகளை ஏற்றிச் செல்ல வல்லது. நிருவாகத்தின் சுற்றுலா அமைப்பு நடத்தும் 'சமுத்திரம்' என்னும் ஐந்து நாள் பயணத்தில் கவரத்தி, கல்பேனி, மினிக்காய் ஆகிய மூன்று தீவுகளைக் காணலாம். பகலில் தீவு, இரவில் கப்பல் என்பது இப்பயணத்தின் முறை. ஓரிரவில் ஒரு தீவிலிருந்து மற்றொரு தீவிற்குக் கப்பல் சென்றுவிடும்.

இக்கப்பலில் சுற்றுலாப் பயணிகள் மட்டும் செல்வதில்லை. கொச்சியில் மருத்துவம் பெற்றுத் திரும்பும் தீவு முதியவர், கல்லூரியிலிருந்து வீடு செல்லும் மாணவி, உறவினர் திருமணத்திற்குச் செல்லும் குடும்பம் என அனைவருக்கும் இதுவே ஊர்ப் பேருந்து. தீவில் விளையாத அரிசியும் காய்கறியும்கூடக் கடல்வழியாகவே வருகின்றன. பயணிக்குக் கேளிக்கையாகத் தோன்றும் கப்பல், தீவினர்க்கு உயிர்நாடி.

தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் கடல் கொந்தளிக்கும். அப்போது சுற்றுலாப் பயணங்கள் நடைபெறுவதில்லை. அக்டோபர் முதல் ஏப்ரல் வரையிலான காலமே ஏற்றது.

அனுமதி எதற்கு?

இலட்சத்தீவிற்கு வெளியிலிருந்து செல்வோர் முன்னரே நுழைவு அனுமதி பெற வேண்டும். 1967ஆம் ஆண்டு வகுக்கப்பட்ட விதிகள் இதனைக் கட்டாயமாக்குகின்றன. சொந்த நாட்டின் ஒரு பகுதிக்குச் செல்ல அனுமதி ஏன் என்ற ஐயம் எழுவது இயல்பு. தீவுகளின் அளவை அறிந்தால் அவ்வையம் தீரும்.

இலட்சத்தீவு 1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் ஒன்றியப் பகுதியாக அமைந்தது. 'இலட்சம் தீவுகள்' என்பது பெயரின் பொருளாயினும், கணக்கில் உள்ளவை 36 தீவுகளே. அவற்றுள் மக்கள் வாழ்பவை 10. எல்லாத் தீவுகளின் நிலப்பரப்பையும் கூட்டினால் 32 சதுர கிலோமீட்டர். புணே மாநகராட்சியின் பரப்பு ஏறத்தாழ 500 சதுர கிலோமீட்டர். அதாவது, ஒன்றியப் பகுதி முழுவதும் சேர்ந்தாலும் புணே மாநகரின் பதினைந்தில் ஒரு பங்கிற்கும் குறைவு. அந்தச் சிறுநிலத்தில் 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 64,473 பேர் வாழ்ந்தனர். தீவினருள் பெரும்பாலோர் பட்டியல் பழங்குடியினர். அவர்களுடைய நிலமும் வாழ்முறையும் காக்கப்பட வேண்டும் என்பதும், சிறிய தீவு தாங்கும் அளவிற்கே விருந்தினர் வர வேண்டும் என்பதும் அனுமதி முறையால் நிறைவேறுகின்றன.

காயலின் வாயில்

விடியற்காலையில் கப்பலின் மேல்தளத்தில் நிற்பவர்க்குத் தீவு முதலில் ஒரு பச்சைக் கோடாகத் தெரியும். மலையோ மேடோ இன்மையால், தென்னந்தோப்புகளின் உச்சியே முதலில் கண்ணில் படும். தீவின் நிலம் கடல்மட்டத்திலிருந்து ஓரிரு மீட்டர் உயரமே உடையது. அருகே செல்லச் செல்லக் கடலின் நிறம் மாறும். வளையத்திற்கு வெளியே கருநீலம். பாறைமேல் அலை உடையும் இடத்தில் வெண்மை. காயலுக்குள் பளிங்குப் பச்சை.

பெரிய கப்பல் காயலுக்குள் நுழைய இயலாது. ஆழமற்ற நீரில் அதன் அடிப்பகுதி பவளத்தில் மோதும். ஆகவே அது பெரும்பாலும் ஆழ்கடலிலேயே நிற்கிறது. பயணிகள் சிறு படகுகளில் இறங்கி, பவள வளையத்தில் உள்ள இயற்கை வாயில் வழியே தீவை அடைகின்றனர். அலையில் ஆடும் படகில் இறங்கும்போது, மாலுமிகள் ஒவ்வொருவரின் கையையும் பற்றி உரிய நொடியில் இறக்கிவிடுகின்றனர்.

இங்கே தமிழ் மாணவர் மகிழத்தக்க செய்தி ஒன்று உண்டு. இலட்சத்தீவின் பழைய பாய்மரக் கலத்தின் பெயர் 'ஓடம்'. மினிக்காய்த் தீவினர் பந்தயத்திற்குச் செலுத்தும் நெடும்படகின் பெயர் 'ஜகாதோணி'. ஓடமும் தோணியும் தமிழிலும் வழங்கும் சொற்களே. கலம், நாவாய், வங்கம், கட்டுமரம் எனக் கடற்கலங்களுக்குத் தமிழில் பல பெயர்கள் உள்ளன. அவற்றுள் கட்டுமரம் ஆங்கிலத்திலும் புகுந்துவிட்டது. முதலாம் இராசராச சோழன் கடல்நடுவே உள்ள பழந்தீவுகளை வென்றதாக அவன் மெய்க்கீர்த்தி கூறுகிறது. அவை மாலத்தீவுப் பகுதியைக் குறிப்பன என்பது வரலாற்றறிஞர் பலரின் கருத்து. இக்கடல்வழி தமிழர்க்கு ஆயிரம் ஆண்டுகளாகத் தெரிந்த வழியே.

மூன்று தீவுகள்

கவரத்தி, ஒன்றியப் பகுதியின் தலைநகரம். இங்குள்ள கடல்வாழ் உயிரினக் காட்சியகத்தில் காயலின் வண்ணமீன்களைக் காணலாம். கண்ணாடி அடிப்பகுதி கொண்ட படகில் அமர்ந்தால், நனையாமலே பவளத் தோட்டத்தை மேலிருந்து நோக்கலாம்.

கல்பேனியின் கரையோரத்தில் பவளத் துண்டுகள் பெரும் கரையாகக் குவிந்துள்ளன. 1847ஆம் ஆண்டு வீசிய பெரும்புயல் அவற்றைக் கடலிலிருந்து வாரி இறைத்ததாகக் கருதப்படுகிறது. உடைந்த பவளத்தால் தீவு உயர்வதற்கு அது கண்கூடான சான்று.

மினிக்காய் பிற தீவுகளிலிருந்து விலகித் தெற்கே, மாலத்தீவை நோக்கி அமைந்துள்ளது. மற்றத் தீவுகளில் மலையாளம் வழங்க, இங்கு மாலத்தீவு மொழியின் உறவான மகல் மொழி பேசப்படுகிறது. அதன் எழுத்து வலமிருந்து இடமாக எழுதப்படும். 1885ஆம் ஆண்டு கட்டப்பட்ட கலங்கரை விளக்கத்தின் மேல் ஏறினால், பிறைபோல் வளைந்த தீவும் அதன் அகன்ற காயலும் ஒரே பார்வையில் அடங்கும்.

மினிக்காய் மீனவர் சூரைமீனை வலை வீசிப் பிடிப்பதில்லை. முதலில் காயலின் பவளங்களிடையே வாழும் சிறுமீன்களைப் பிடித்து, படகின் நீர்த்தொட்டியில் உயிருடன் வைத்துக்கொள்கின்றனர். ஆழ்கடலில் சூரைக்கூட்டத்தைக் கண்டதும் அச்சிறுமீன்களை நீரில் தூவுகின்றனர். இரையைத் தேடிச் சூரைகள் மேலெழும்போது, தூண்டிற்கோலால் ஒவ்வொன்றாகத் தூக்கிப் படகினுள் வீசுகின்றனர். இதனால் ஆமையோ ஓங்கிலோ வீணாகச் சிக்குவதில்லை. பிடித்த சூரையை வேகவைத்து, புகையூட்டி, வெயிலில் உலர்த்தினால் அது மரக்கட்டைபோல் இறுகிவிடும். அதுவே மாசி. தூத்துக்குடியிலும் இலங்கையிலும் உள்ள தமிழர் சமையலில் மாசிக் கருவாடு மணக்கிறது. அம்மணத்தின் தொடக்கமும் பவளத்தில்தான் உள்ளது. பவளம் இல்லையேல் சிறுமீன் இல்லை. சிறுமீன் இல்லையேல் சூரை இல்லை.

மணலுக்கடியில் நன்னீர்

இத்தீவுகளில் ஆறு இல்லை. மலைச் சுனையும் இல்லை. பெய்யும் மழை மணல்வழியே இறங்கி நிலத்தடியில் தேங்குகிறது. நன்னீர் கடல்நீரைவிட எடை குறைந்தது. ஆதலால், அது கடியில் உள்ள உவர்நீரின்மேல் ஒரு மெல்லிய வில்லைபோல மிதக்கிறது. அளவோடு இறைத்தால் கிணற்றில் நன்னீர் வரும். அளவு மீறினால் கீழுள்ள உவர்நீர் மேலேறும். ஒருமுறை உவர்த்த கிணறு மீள்வதற்கு நெடுநாளாகும்.

இவ்விடரைக் குறைக்க உதவியது சென்னையில் உள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம். அது 2005ஆம் ஆண்டு கவரத்தியில் நாளொன்றுக்கு ஒரு இலட்சம் லிட்டர் குடிநீர் தரும் ஆலையை அமைத்தது. அதன் செயல்முறை நுட்பமானது. கடலின் மேற்பரப்பு நீர் ஏறத்தாழ 28 பாகை வெப்பமுடையது. காற்றழுத்தம் மிகக் குறைந்த கலத்தினுள் அந்நீரைச் செலுத்தினால், கொதிக்கவைக்காமலே அதன் ஒரு பகுதி ஆவியாகிறது. உப்பு தங்கிவிடுகிறது. ஏறத்தாழ 350 மீட்டர் ஆழத்திலிருந்து நீண்ட குழாய் வழியே குளிர்ந்த நீர் கொண்டுவரப்படுகிறது. அதன் குளிர்ச்சியால் ஆவி மீண்டும் நீராகிக் குடிநீராகிறது. இதே முறையில் பின்னர் மினிக்காய், அகத்தி உள்ளிட்ட தீவுகளிலும் ஆலைகள் அமைந்தன.

இந்நிலையில், விருந்தினர் ஒருவர் குழாயைத் திறந்துவிட்டு மறந்தால் அது சிறு பிழையன்று. தீவில் நீர் எண்ணி வழங்கப்படும் செல்வம்.

பவளம் வெளுக்கும்போது

கடல்நீரின் வெப்பம் வழக்கமான கோடை அளவைவிட ஓரிரு பாகை உயர்ந்து சில வாரங்கள் நீடித்தால், பவளம் தன்னுள் வாழும் பாசிகளை வெளியேற்றிவிடுகிறது. வண்ணம் நீங்கி அது வெளுக்கிறது. வெப்பம் விரைவில் தணிந்தால் பவளம் பிழைக்கும். தணியாவிட்டால் பட்டினியால் மடியும். இலட்சத்தீவின் பவளங்கள் 1998, 2010, 2016, 2024 ஆகிய ஆண்டுகளில் இவ்வாறு பெரிதும் வெளுத்தன.

பவளப்பாறை அலைகளின் ஆற்றலில் பெரும்பகுதியைத் தானே தாங்கி, கரைக்கு அரணாக நிற்கிறது. அரண் தளர்ந்தால் நிலம் கரையும். பங்காரம் தீவிற்கு அருகே இருந்த பரளி-1 என்னும் ஆளற்ற சிறுதீவு கடலரிப்பால் முற்றிலும் மறைந்துவிட்டதை 2017ஆம் ஆண்டு வெளியான ஆய்வு ஒன்று தெரிவித்தது.

தமிழ்நாடும் இப்பாடத்தைத் துயரத்தோடு கற்றிருக்கிறது. மன்னார் வளைகுடாவில் இருந்த 21 சிறுதீவுகளுடன் 1986ஆம் ஆண்டு கடல்சார் தேசியப் பூங்கா அமைக்கப்பட்டது. அங்கே சுண்ணாம்பிற்கும் கட்டடப் பணிக்கும் பல ஆண்டுகள் பவளம் வெட்டி எடுக்கப்பட்டது. பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்னும் இரண்டு தீவுகள் இன்று நீருக்கடியில் உள்ளன. தூத்துக்குடிக்கு அருகே உள்ள வான் தீவும் சுருங்கி வந்தது. அதனைக் காக்க அரசு செயற்கைப் பாறைகளைக் கடலில் இறக்கியது. இயற்கை விலையின்றிக் கட்டித்தந்த அரணை மனிதர் இடித்துவிட்டு, பின்னர்ப் பொருள் செலவிட்டுக் கட்ட நேர்ந்தது.

நல்ல விருந்தினர்

தமிழர் விருந்தோம்பலைப் பெரும் அறமாகப் போற்றினர். விருந்தினர்க்கும் அறம் உண்டு. உபசரிப்பவரின் வீடு எத்தகையது என அறிந்து நடப்பதே அது. இலட்சத்தீவிற்குச் செல்வோர் பின்வருவனவற்றை நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

1. பவளத்தின்மேல் நிற்றலும் அதனைத் தொடுதலும் ஆகா. ஒரு கால்மிதி பல ஆண்டுகளின் வளர்ச்சியை நொறுக்கிவிடும்.

2. பாறை கட்டும் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972 என்பதன் முதல் அட்டவணையில் புலியோடு ஒருசேரக் காக்கப்படுகின்றன. நினைவுப்பொருளாக ஒரு துண்டையும் எடுத்தல் குற்றம்.

3. தோலில் பூசும் சில வெயில்காப்புக் களிம்புகளில் பவளத்திற்குத் தீங்கு தரும் வேதிப்பொருள்கள் உள்ளன. பசிபிக் பெருங்கடலில் உள்ள பலாவு நாடு 2020ஆம் ஆண்டு முதல் அத்தகைய களிம்புகளைத் தடை செய்துள்ளது. முழுக்கை ஆடையும் தொப்பியும் பவளத்திற்குத் தீங்கற்ற காப்பு.

4. கப்பலிலிருந்து நெகிழியைக் கடலில் எறிதல் பன்னாட்டு உடன்படிக்கையால் தடை செய்யப்பட்டது. தீவிலும் குப்பை கொட்ட நிலம் இல்லை. கொண்டுசென்ற நெகிழிப்பையைத் திரும்பக் கொண்டுவருதல் நன்று.

5. தீவினரின் வீடுகளையும் மனிதர்களையும் படம் எடுக்கும் முன் அவர்களிடம் கேட்டல் பண்பு. சிற்றூர்களின் தெருக்களில் அடக்கமாக உடுத்துச் செல்லுதல் முறை.

இவை கடினமான கட்டளைகள் அல்ல. ஒரு நாள் முழுவதும் காயலில் நீந்தலாம், மீன்களைக் காணலாம், இளநீர் பருகலாம், மணலில் விளையாடலாம். கைகளால் எதையும் எடுக்காமல் கண்களால் எல்லாவற்றையும் எடுத்துவரலாம்.

திரும்பும் வழியில்

மாலையில் படகு மீண்டும் கப்பலை நோக்கிச் செல்கிறது. பச்சைக் கோடு மெல்ல மங்கிக் கடலோடு ஒன்றிவிடுகிறது. சில நாள்களில் பயணி புணேக்குத் திரும்பிவிடுவார். மழைக்காலத்தில் சிம்மகட் குன்றின் கரும்பாறைமேல் நீர் வழிந்தோடும். அப்பாறையை உருக்கிய நெருப்புதான், தெற்கே கடலடியில் ஒரு முகட்டையும் எழுப்பியது. அம்முகட்டின்மேல், கடுகினும் பெரிதாகாத சில உயிர்கள் கூடு கட்டி, அறுபதினாயிரத்திற்கும் மேற்பட்ட மக்களுக்கு நிலம் தந்துள்ளன. அவை இன்றும் கட்டிக்கொண்டிருக்கின்றன. கடல் மிகச் சூடாகாமலும் மனிதர் மிதிக்காமலும் இருந்தால், அவை தொடர்ந்து கட்டும். இன்று இப்பாடத்தைப் படிக்கும் மாணவர் தம் பிள்ளைகளோடு கப்பலேறும் நாளிலும் அத்தீவுகள் அங்கே இருத்தல் வேண்டும்.

அருஞ்சொற்பொருள்

அரண் – காவல், பாதுகாப்பு
உவர்நீர் – உப்புநீர்
ஓங்கில் – கடலில் வாழும் பாலூட்டி, டால்பின்
காயல் – கடலை ஒட்டிய ஆழமற்ற நீர்ப்பரப்பு
குடைவரை – பாறையைக் குடைந்து அமைத்த கோயில்
சுண்ணம் – சுண்ணாம்பு
நாவாய் – பெரிய கப்பல்
நெகிழி – பிளாஸ்டிக்
மெய்க்கீர்த்தி – கல்வெட்டின் தொடக்கத்தில் அரசனின் வெற்றிகளைக் கூறும் பகுதி

பயிற்சி

அ. கோடிட்ட இடங்களை நிரப்புக.

1. முளா, முட்டா ஆறுகளின் நீர் இறுதியில் __________ கடலை அடைகிறது.
2. இலட்சத்தீவில் மக்கள் வாழும் தீவுகள் __________.
3. மினிக்காய்த் தீவில் பேசப்படும் மொழி __________.
4. மன்னார் வளைகுடாவில் கடல்சார் தேசியப் பூங்கா அமைந்த ஆண்டு __________.

ஆ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.

1. பெரிய கப்பல் காயலுக்குள் ஏன் நுழைவதில்லை?
2. பவளம் ஏன் வெளுக்கிறது?
3. தீவின் கிணற்றில் அளவு மீறி நீர் இறைத்தால் என்ன நேரும்?

இ. ஒரு பத்தி அளவில் விடை எழுதுக.

1. பவள வளையம் தோன்றும் முறையைப் படம் வரைந்து விளக்குக.
2. 'பவளம் இல்லையேல் சூரை இல்லை' – இத்தொடரை விளக்குக.
3. கவரத்திக் குடிநீர் ஆலை செயல்படும் முறையைப் படிநிலைகளாக எழுதுக.

ஈ. சொல் அறிவோம்.

கலம், ஓடம், தோணி, நாவாய், வங்கம், கட்டுமரம் ஆகிய சொற்களுள் எவையேனும் மூன்றனைச் சொந்தத் தொடரில் அமைத்து எழுதுக. படகு, தீவு, பவளம் ஆகியவற்றிற்குரிய மராத்திச் சொற்களை நண்பர்களிடம் கேட்டறிந்து அருகில் எழுதுக.

உ. செயல்பாடு

வீட்டில் ஒரு நாளில் ஒருவர் பயன்படுத்தும் நீரின் அளவைக் கணக்கிடுக. அதில் எந்தப் பயன்பாட்டைக் குறைக்க இயலும் என்பதைக் குடும்பத்தினரோடு கலந்துரையாடி, ஐந்து தொடர்களில் எழுதி வகுப்பில் படித்துக் காட்டுக.